சுட்கிக்கு என்ன வேணும்?

போன செமஸ்டர் லீவில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து 5 நிமிட அனிமேஷன் படம் ஒன்றுக்குக் கதை எழுதினோம். ஹீரோ நம்ம ஆரணிப் பையன். அப்பாவின் தறியில் உட்காரும்போது நாடாவுக்கு ஏதோ சக்தி வந்துவிடுகிறது. வீசினால் எதிரியைச் சுற்றி நூலால் கட்டிப்போட்டுவிட்டு, திரும்பக் கைக்கே வந்துவிடும். (கேப்டன் அமெரிக்காவோட கேடயம்தானே இதுன்னு கேக்காதீங்க, நாங்களே ஒத்துக்கறோம்.) கதையில் ஒரு பெண்ணும் உண்டு. ஹீரோவின் கிளாஸ்மேட். அவனுக்கு அவள்மேல் லவ், அவளுக்கும் அவன்மேல் லவ். எழுதி முடிச்சாச்சு.

குரல் கொடுக்க வகுப்புத் தோழி ஒருத்தியைக் கேட்டோம். ஸ்கிரிப்டை வாங்கி நிதானமாகப் படித்தாள். "மொத்தம் 11 டயலாக். அதுல 7 'பாத்துப் போ'. இந்தப் பொண்ணு எதுக்குடா கதையில?"

எங்களில் ஒருத்தன், "ஹீரோவுக்கு லவ் வேணும்ல" என்றான்.

"அப்ப லவ்வையே டப்பிங் பேசச் சொல்லு" என்று பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்தக் கடுப்பில்தான் சின்ன வயசில் பார்த்த கார்ட்டூன்களை எல்லாம் மறுபடி போட்டுப் பார்த்தேன். சூப்பர் ஹீரோ கதைகளில் காதலை எப்படி வைக்கிறார்கள், அந்தக் காதலில் மாட்டிய ஆளை எப்படி நடத்துகிறார்கள் என்று எழுதிவைத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நமக்கு ரொம்பப் பக்கத்தில் நடந்த ஒரு கூத்தைச் சொல்லிவிடுகிறேன். 2020 ஜூன். லாக்டவுன். எல்லாரும் வீட்டில் போனும் கையுமாக இருந்த காலம். திடீரென்று ட்விட்டரில் 'ஜஸ்டிஸ் ஃபார் சுட்கி' என்று டிரெண்டிங். விஷயம் என்னவென்றால், சோட்டா பீம் இளவரசி இந்துமதியைக் கல்யாணம் செய்துகொண்டான், இத்தனை வருஷம் லட்டு கொடுத்த சுட்கியை ஏமாற்றிவிட்டான் என்று ஒரு செய்தி பரவியது. நாடே கொதித்தது. பாதி கிண்டல், பாதி நிஜமான கோபம். பணக்காரப் பெண்ணைப் பார்த்ததும் பழசை மறந்துட்டான் என்று எத்தனை மீம்ஸ்! கடைசியில் அந்தத் தொடரை எடுக்கும் ஹைதராபாத் நிறுவனமான கிரீன் கோல்ட் அனிமேஷனே அறிக்கை விட வேண்டியதாயிற்று. பீம், சுட்கி, இந்துமதி மூன்று பேரும் இன்னும் குழந்தைகள்தான், கல்யாணச் செய்தி பொய், குழந்தைகளைக் குழந்தைகளாக விடுங்கள் என்பது அதன் சாரம்.

நானும் அன்றைக்குச் சிரித்தேன், இரண்டு மீம் ஃபார்வர்டும் செய்தேன். இப்போது யோசித்தால் அந்த டிரெண்டிங் ஒரு நல்ல பாடம் என்று தோன்றுகிறது. சோட்டா பீம் 2008-இல் போகோவில் தொடங்கிய தொடர். அதில் காதல் கதை என்று யாரும் எழுதவில்லை. பிறகு கோடிக்கணக்கான பேர் மனசில் அந்தக் காதல் எப்படி வந்தது? லட்டால் வந்தது. பீமுக்கு லட்டு சாப்பிட்டால் பலம். சுட்கி அவனுக்கு லட்டு கொடுப்பவள். திரும்பத் திரும்ப ஒரே செய்கையைக் காட்டினால் பார்க்கிறவன் அதற்கு ஒரு அர்த்தம் கொடுத்துக்கொள்வான். அதுவும் நம்ம ஊரில், ஒரு பெண் ஒரு பையனுக்குச் சாப்பாடு கொடுக்கிறாள் என்றால் வேறென்ன அர்த்தம் தோன்றும், சொல்லுங்க.

அந்தக் கோபத்தையும் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். சுட்கிக்கு நியாயம் வேண்டும் என்றார்கள். என்ன நியாயம்? பீமோடு கல்யாணம். லட்டு ஏதோ கடன் மாதிரியும், பீம் தாலி கட்டி அதை அடைக்க வேண்டும் என்பது மாதிரியும் பேசினார்கள். சுட்கிக்கு என்ன வேணும் என்று அத்தனை பேரில் யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திருக்காது. அவள் தைரியசாலி, புத்திசாலி, பீம் போகும் இடத்துக்கெல்லாம் கூடவே போகிறாள், சில நேரம் சண்டையும் போடுகிறாள். எல்லாம் சரி. ஆனால் அவளுக்கென்று ஒரு ஆசையை எழுதியிருந்தால் அதுதான் நம் ஞாபகத்தில் நின்றிருக்கும். எனக்கு நிற்பது லட்டுத் தட்டு மட்டும்தான். காலியாக விட்ட அந்த இடத்தைப் பார்த்தவர்கள் கல்யாணத்தை வைத்து நிரப்பிவிட்டார்கள். எங்கள் படத்தில் அந்தப் பெண்ணுக்கு நாங்கள் செய்ததும் இதேதான்.

இங்கே கொஞ்சம் தறிக்குப் போகலாம். ஹாஸ்டல் நண்பர்களுக்காக: தறியில் நீளவாக்கில் கட்டியிருப்பது பாவு. காலையில் தெருவில் நீட்டி வைத்திருப்பதைப் பஸ்ஸில் வரும்போது பார்த்திருப்பீர்கள். குறுக்கே நாடாவில் ஓடுவது ஊடை. இது இரண்டும் சேர்ந்தால்தான் துணி. இதற்கு மேலே ஜரிகையில் பூவோ மாங்காயோ தனி இழையாகப் போடுவது புட்டா. புட்டாவின் இழையை உருவிவிட்டாலும் புடவை புடவையாகத்தான் இருக்கும், கொஞ்சம் மொட்டையாக. ஊடையை உருவினால் பாவு நூல் மட்டும்தான் தொங்கும்.

கார்ட்டூனில் வரும் காதல் எனக்கு இப்படித்தான் புரிகிறது. எடுத்துவிட்டால் கதை அப்படியே நிற்கிறதா? அப்போது அது புட்டா. கதையே அவிழ்ந்துவிடுகிறதா? ஊடை. புட்டா தப்பென்று சொல்லவில்லை, அழகுதான். ஆனால் ஒரு ஆளைப் புட்டாவாக வைத்தால் அந்த ஆளுக்கு என்ன நடந்தாலும் கதைக்கு வலிக்காது.

பென் 10-இல் இரண்டு வகையும் பக்கத்திலேயே இருக்கிறது. முதல் தொடரில் பென்னுக்கு 10 வயசு, காதலுக்கெல்லாம் நேரமில்லை. 2008-இல் வந்த ஏலியன் ஃபோர்ஸில் அவனுக்கு 15 வயசு, ஜூலி என்ற பெண் வருகிறாள். டென்னிஸ் ஆடுகிறவள், பொறுமைசாலி. பிரச்சினை அந்தப் பொறுமைதான். பென் உலகத்தைக் காப்பாற்றப் போய்விடுவான், அவள் காத்திருப்பாள். பிறகு 2012-இல் வந்த ஆம்னிவெர்ஸில், ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டதில் இருவரும் பிரிந்துவிட்டதாகக் காட்டி, அவளை இன்னொரு பையனோடு கொண்டுவந்து நிறுத்தினார்கள். இத்தனை நாள் பார்த்தவர்களுக்குக் கடுப்பாக இருந்தது. ஆனால் கதைக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. பென் அடுத்த எபிசோடில் வாட்சைத் தட்டினான்.

அதே தொடரில் க்வென், கெவின் ஜோடியைப் பாருங்கள். கெவின் முதல் தொடரில் வில்லன். ஏலியன் ஃபோர்ஸில் கூட்டாளியாகிறான், க்வென் அவனை நம்ப ஆரம்பிக்கிறாள். அந்த நம்பிக்கைக்கு அல்டிமேட் ஏலியனில் விலை கேட்கிறார்கள். எல்லாரையும் காப்பாற்றுவதற்காகக் கெவின் அளவுக்கு மீறிய சக்தியை உறிஞ்சுகிறான், புத்தி பேதலித்து அரக்கனாகிவிடுகிறான். அவனைக் கொன்றால்தான் தடுக்க முடியும் என்று பென் முடிவு செய்கிறான். க்வென் முடியாது என்கிறாள், குணமாக்க வழி தேடுகிறாள். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. க்வென்னின் காதலை உருவிவிட்டால் இந்தச் சண்டையே கிடையாது, பென் நல்லவனா என்ற கேள்வியும் எழாது. பார்க்கும்போது எனக்கு 9 வயசு இருக்கும். பென்மேல் கோபம் வந்த ஒரே தடவை அதுதான்.

இதைவிட ஒரு படி மேலே போனது டீன் டைட்டன்ஸ் (2003–2006). அதில் டெர்ரா என்று ஒரு பெண். மண்ணையும் பாறையையும் அசைக்கும் சக்தி இருக்கிறது, ஆனால் கட்டுப்படுத்தத் தெரியாது. அவளுக்கு வேண்டியது அந்தக் கட்டுப்பாடு ஒன்றுதான். பீஸ்ட் பாய் அவளை விரும்புகிறான், அவளுடைய ரகசியத்தை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறான். ராபின் தானாகவே அதை ஊகித்துவிடுகிறான். பீஸ்ட் பாய்தான் சொல்லிவிட்டான் என்று நினைத்து அவள் ஓடிவிடுகிறாள். கட்டுப்பாட்டைக் கற்றுத் தருவதாகச் சொல்லி வில்லன் ஸ்லேட் அவளை வளைத்துக்கொள்கிறான். அவளுக்கென்று ஒரு தேவையை முதலிலேயே வைத்துவிட்டதால், பீஸ்ட் பாயோடு அவள் போகும் ஒரு சாதாரணப் பொருட்காட்சிக் காட்சிகூட நெஞ்சைப் பிடிக்கிறது. சிரித்துக்கொண்டே இருக்கிறாள், அந்த நேரத்தில் அவன் வீட்டுக்குள் எதிரியை விட்டிருக்கிறாள்.

இந்த டெர்ரா 1980-களில் மார்வ் வுல்ஃப்மேனும் ஜார்ஜ் பெரேஸும் உருவாக்கிய காமிக்ஸ் பாத்திரம். அங்கே அவள் ஆரம்பத்திலிருந்தே உளவாளி, 1984 கதையில் வெறுப்போடேயே செத்துப்போகிறாள். கார்ட்டூன்காரர்கள் கதையின் எலும்பை வைத்துக்கொண்டு ஆளை மாற்றினார்கள். இங்கே டெர்ரா கடைசியில் ஸ்லேட்டை எதிர்த்து நின்று, ஊரைக் காப்பாற்றிக் கல்லாகிவிடுகிறாள்.

அதன் கடைசி எபிசோடைக் கட்டாயம் பாருங்கள். சிலை காணாமல் போயிருக்கிறது. டெர்ராவைப் போலவே ஒரு பெண் சீருடையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறாள். பீஸ்ட் பாய் பின்னாலேயே போகிறான், பழசையெல்லாம் ஞாபகப்படுத்துகிறான். அவள் ஏற்றுக்கொள்ளவில்லை. தனக்கு இந்தப் பள்ளிக்கூடம், இந்தச் சாதாரண வாழ்க்கை போதும் என்பது மாதிரி பேசி அவனை அனுப்பிவிடுகிறாள். அவள்தான் டெர்ராவா, நிஜமாகவே மறந்துவிட்டாளா என்று சொல்லாமலே தொடரை முடித்துவிட்டார்கள். நம் தமிழ்ப் படத்தில் அவன் இன்னும் நாலு நாள் பின்னாலேயே போயிருப்பான், பாட்டும் வந்திருக்கும். இவன் திரும்பிப் போகிறான். இவ்வளவு செய்தேனே என்று கணக்குக் கேட்கவில்லை.

எல்லாம் இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடுகிறதா என்றால், இல்லை. பேட்மேன் அனிமேஷன் தொடரில் 1992-இல் வந்த 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' எனக்கு ரொம்பப் பிடித்த எபிசோட். பால் டினி எழுதியது, புரூஸ் டிம் இயக்கியது. எழுத்துக்கு டேடைம் எம்மி விருதும் வாங்கியது. அதற்கு முன் காமிக்ஸில் மிஸ்டர் ஃப்ரீஸ் ஐஸ் துப்பாக்கி வைத்திருக்கும் சாதா வில்லன். டினி அவனுக்கு நோரா என்று ஒரு மனைவியைக் கொடுத்தார். நோயாளியான அவளை உறைநிலையில் வைத்துக் காப்பாற்றப் பார்க்கிறான், முதலாளி அதைக் கெடுத்துவிடுகிறான். அவ்வளவுதான், சாதா வில்லனைப் பார்த்து நமக்குக் கண் கலங்குகிறது. காமிக்ஸும் பிறகு இதையே எடுத்துக்கொண்டது. இந்தக் காதலை உருவினால் ஒன்றுமே மிஞ்சாது, பக்கா ஊடை. ஆனால் நோரா? அவளுக்கு ஒரு டயலாக்கூடக் கிடையாது. எங்கள் படத்துப் பெண்ணுக்காவது 11. என் தோழி கேட்ட கேள்வியை அங்கே கேட்டால் டினியும் முழித்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். கதைக்குள் காதல் எவ்வளவு ஆழமாக ஓடினாலும், காதலிக்கப்படுகிறவள் வெறும் பொம்மையாகவே இருந்துவிட முடியும். இது எனக்கு லேட்டாகத்தான் உறைத்தது.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தபோது வீட்டில் அம்மா தார் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நாடாவுக்குள் போகும் ஊடை நூலைக் குச்சியில் சுற்றுவதுதான் தார். அது இல்லாமல் நாடா ஓடாது. எங்கள் வீட்டில் கூலி என்பது ஒரு புடவைக்கு இவ்வளவு, அப்பா பேரில். தாருக்கென்று தனியாக ஒரு கணக்கு நான் பார்த்ததே இல்லை. "அம்மா, கதையில ஒரு பொண்ணு வர்றா, அவளுக்கு என்ன ஆசை வைக்கலாம்?" என்று கேட்டேன். "எத்தினி வயசு அவளுக்கு?" என்றார்கள். 20 என்றேன். "அப்ப வெளியூர் போவணும்னு இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த குச்சியை எடுத்துக்கொண்டார்கள்.

கதையை மாற்றி எழுதிவிட்டோம். இப்போது அந்தப் பெண் எதிர்வீட்டுக்காரி. ஹீரோ வீட்டுக்கும் சேர்த்துத் தார் சுற்றுகிறவள். ஜக்கார்டு அட்டைக்கு டிசைன் போடும் சாஃப்ட்வேரைத் தானாகவே கற்றுக்கொண்டு, சென்னையில் ஒரு வேலையும் வாங்கியிருக்கிறாள். நாடாவின் சக்தி அவள் சுற்றிய தாரில்தான் இருக்கிறது என்பது ஹீரோவுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. சொன்னால் ஒருவேளை அவள் இருந்துவிடுவாள். சொல்லாவிட்டால் அவனுக்குச் சக்தி போய்விடும்.

ஸ்கிரிப்டைத் தோழியிடம் மறுபடி கொடுத்தோம். டயலாக் 9 ஆகக் குறைந்துவிட்டது, அதை அவள் பொருட்படுத்தவில்லை. ஆனால் அவன் சொல்லாமல் மறைப்பதும் தப்புதான், அவளே கண்டுபிடிக்கட்டும் என்கிறாள். எங்களில் இரண்டு பேர் அவன் கடைசிவரை சொல்லவே கூடாது என்கிறார்கள். ஒருத்தன் இன்னும் கல்யாணத்தில்தான் நிற்கிறான். 3-வது நிமிடம் வரை வரைந்தாகிவிட்டது. ஆரணி பஸ் ஸ்டாண்டில், கையில் பையோடு, சென்னை பஸ் பக்கத்தில் அவள் நிற்கிறாள்.