சிக்கனம்: பொருளும் வழக்கும்

செலவைக் குறைத்தலைக் குறிக்கச் சிக்கனம், செட்டு, கஞ்சத்தனம், உலோபம் எனப் பல சொற்கள் நம் வழக்கில் உள்ளன. அவற்றை ஒரு பொருள் குறித்த பல சொற்களாகக் கொள்ளலாமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

'சிக்கென' என்பதற்கு இறுக்கமாக, உறுதியாக என்பன பொருள். சிக்கனம் அதனோடு உறவுடைய சொல். வீணே ஒழுகிப் போகாதவாறு பொருளை இறுகப் பிடித்தலே சிக்கனம். 'கட்டும் செட்டுமாகக் குடும்பம் நடத்துகிறாள்' என்னும் பேச்சுவழக்கில் வரும் செட்டும் இக்கருத்தினதே. இவ்விரண்டும் பாராட்டுச் சொற்கள். கஞ்சத்தனமும் உலோபமும் பழிப்புச் சொற்கள்.

வேறுபாட்டை வழக்கே காட்டுகிறது. 'சிக்கனமாகச் செலவிடு' என்று மகனுக்கு அறிவுரை கூறுகிறோம். 'கஞ்சத்தனமாகச் செலவிடு' என எவரும் கூறுவதில்லை. நீர்ச்சிக்கனம், எரிபொருள் சிக்கனம் என்கிறோம். ஏழு சீர்களில் கருத்தை முடிக்கும் குறளின் சிறப்பைச் சொற்சிக்கனம் என்கிறோம். இவ்விடங்களில் கஞ்சத்தனம் என்னும் சொல்லைப் பெய்தால் பொருந்தாது.

வள்ளுவரும் இவ்வேறுபாட்டை உணர்ந்தவர். வருவாயின் அளவறிந்து வழங்குதலை வலியறிதல் அதிகாரத்தில் (48) வலியுறுத்துகிறார். கொடுக்க வேண்டியவிடத்துக் கொடாமையை 'இவறல்' எனப் பெயரிட்டுக் குற்றங்கடிதலில் (44) கடிகிறார். முன்னது அளவு, பின்னது குற்றம்.

இனி, இக்கால வழக்கொன்றைக் காண்போம். நிறுவனங்கள் ஊழியரை வேலையினின்று நீக்கும்போது, அதனைச் 'சிக்கன நடவடிக்கை' என அறிவிப்பதுண்டு. ஆயின் இதற்குரிய சொல் ஆட்குறைப்பு. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தில் 1953-இல் செய்யப்பட்ட திருத்தம் ஆட்குறைப்புக்குத் தனி வரையறை தந்தது. ஓராண்டு தொடர்ந்து பணிபுரிந்தவரை நீக்க ஒரு மாத முன்னறிவிப்போ, அதற்கீடான ஊதியமோ தருதல் வேண்டும். முடிவுற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியத்தை இழப்பீடாக அளித்தலும் வேண்டும் என விதித்தது. நீக்கப்படுவோர்க்கு நேரும் இழப்பைச் சட்டம் ஏற்றுக்கொண்டமைக்கு இதுவே சான்று. சிக்கனம் என்னும் சொல்லோ அவ்விழப்பை மறைத்துவிடுகிறது.

எனவே, இச்சொல்லை ஆளும்போது ஒரு வினாவை எழுப்பிப் பார்த்தல் நலம்: குறைவைத் தாங்குபவர் யார்? தாமே தம் செலவைச் சுருக்கிக்கொள்வது சிக்கனம். பிறர்க்கு உரியதைக் கொடாது நிறுத்துவது கஞ்சத்தனம். பிறர் பிழைப்பை நீக்குவது ஆட்குறைப்பு. சொல்லை அதற்குரிய இடத்தில் வழங்குதல் மொழித்திறம் மட்டுமன்று, நேர்மையும் ஆகும்.