கிழமைக் கடனில் இடியப்ப மெஷின் வாங்கலாமா?

கேள்வி: கலவானைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கிறேன். கணவருக்குத் தோட்டத்தில் வேலை. நான் நாளுக்கு 200 இடியப்பம் அவித்து, ஒன்று 12 ரூபாய்க்குக் கொடுக்கிறேன். நூறு டவுனில் இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்குப் போகிறது, கைக்காசு. மற்ற நூறு லயத்தில், சம்பளம் வரும்வரை பற்று. மாவு, விறகு, பஸ் காசு எல்லாம் போக நாளுக்கு 700 ரூபாய் மிஞ்சும். ஞாயிற்றுக்கிழமை லீவு. மெஷின் வாங்கினால் 500 அவிக்கலாம் என்று ஆசை. குழுக் கடன் கொடுக்கும் தம்பி ஒரு இலட்சம் தருகிறேன், கிழமைக்கு 2,400 ரூபாய், 50 கிழமை என்கிறார். ஐந்து பெண்கள் சேர்ந்தால் போதுமாம். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பயிற்சிக்குப் போனால் வங்கிக் கடன் லேசு என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். வேலையை விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தால் பிரயோசனம் உண்டா? எந்தக் கடன் நல்லது?
– வாசகி, கலவான

பதில்: சகோதரி, மெஷினைப் பிறகு பார்ப்போம், முதலில் உங்கள் பற்றுக் கொப்பியை எடுங்கள். நாளுக்கு 700 மிஞ்சுகிறது என்கிறீர்கள். கணக்கில் அது சரிதான். ஆனால் கையில்? டவுன் கடைகளிலிருந்து கிழமைக்கு வரும் காசு 7,200 ரூபாய். நீங்கள் மாவுக்கும் விறகுக்கும் பஸ்ஸுக்குமாகக் கொடுப்பது 10,200. சம்பள நாள் வரும்வரை ஒவ்வொரு கிழமையும் 3,000 ரூபாய் துண்டு விழுகிறது. அதை இப்போது அடைப்பது உங்கள் கணவரின் சம்பளமாகத்தான் இருக்க வேண்டும்.

இனி மெஷின் வந்துவிட்டது, கூடுதலாக 300 அவிக்கிறீர்கள் என்று வைப்போம். அவ்வளவும் கைக்காசுக்கு விற்றால் கிழமைக்கு 6,300 ரூபாய் அதிகம் வரும். பழைய துண்டையும் 2,400 தவணையையும் கழித்தாலும் 900 கையில் நிற்கும். அதே 300-ஐ லயத்தில் பற்றுக்குக் கொடுத்தால், சம்பளம் வரும்வரை கிழமைக்கு 20,700 ரூபாய் நீங்கள் வெளியில் தேட வேண்டும். மெஷினும் அதேதான், கடனும் அதேதான். கரண்ட் பில்லை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. லயத்து வயரிங் மெஷினைத் தாங்குமா என்பதையும் ஒரு எலெக்ட்ரீஷியனிடம் காட்டிக் கேளுங்கள்.

ஆகவே முதல் வேலை, அந்த 300-க்குக் கைக்காசு கொடுக்கும் ஆளைப் பிடிப்பது. லயத்துக்குள் சுற்றாதீர்கள். சிங்கராஜ வனத்தின் குடாவ வாசலுக்குப் போகிறவர்கள் கலவான வழியாகத்தான் போகிறார்கள். வெத்தாகல, குடாவ பக்கம் தங்குமிடங்கள் இருக்கின்றன, அங்கே காலைச் சாப்பாடு வேண்டும். இரண்டு இடத்தில் மாதிரிக்குக் கொடுத்துப் பாருங்கள். லயத்துப் பற்றையும் மாதம் ஒருமுறை வாங்காமல், அட்வான்ஸ் நாளிலும் சம்பள நாளிலுமாக இரண்டு முறை வாங்குங்கள். முகம் சுளிப்பார்கள்தான். ஆனால் உங்கள் துண்டு பாதியாகும்.

பயிற்சி பற்றிக் கேட்டீர்கள். இதற்கு நம் நாட்டிலேயே நல்ல ஆராய்ச்சி இருக்கிறது. முதலில் பணம் மட்டும் என்ன செய்தது என்று பார்ப்போம். சுனாமிக்குப் பிறகு, 2005 முதல், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சுரேஷ் டி மெல்லும் டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் ஆகியோரும் உங்கள் பக்கத்து களுத்துறையிலும் காலி, மாத்தறையிலும் சிறு வியாபாரிகளுக்கு 10,000 அல்லது 20,000 ரூபாய் இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். போட்ட முதலுக்குச் சராசரியாக மாதம் 5 வீதமளவு இலாபம் வந்தது. பிரித்துப் பார்த்தால் அது அத்தனையும் ஆண்களின் வியாபாரத்தில். பெண்களுக்கு ஒன்றும் கூடவில்லை. பெண்களுக்கு வியாபாரம் தெரியாது என்று இதற்கு அர்த்தம் எடுக்காதீர்கள். ரோஹிணி பாண்டே முதலானோர் 2019-இல் இந்தியா, கானா, இலங்கை மூன்றின் தரவுகளையும் மறுபடி அலசியபோது விஷயம் வெளிவந்தது: வீட்டில் வேறு வியாபாரம் இருந்தால் மனைவி பெயரில் வந்த பணம் கணவரின் தொழிலுக்குப் போய்விடுகிறது. அவளுடையது மட்டுமே வீட்டின் வியாபாரம் என்றால் அவளும் ஆணுக்குச் சமமாக உழைத்துக் காட்டுகிறாள். உங்கள் வீட்டில் வியாபாரம் உங்களுடையது ஒன்றுதான். அது நல்ல செய்தி.

அதே டி மெல் குழு கொழும்பு, கண்டிப் பெண்களுக்கு சர்வதேச தொழில் அமைப்பின் வியாபாரப் பயிற்சியும், ஒரு பாதிப் பேருக்கு அதோடு 15,000 ரூபாயும் கொடுத்தது. ஏற்கெனவே வியாபாரம் செய்தவர்களுக்கு வகுப்பு மட்டும் பெரிதாக உதவவில்லை. வகுப்பும் பணமும் சேர்ந்தபோது இலாபம் ஏறியது, இரண்டாம் வருடத்தில் அதுவும் கரைந்தது. ஆகவே சான்றிதழுக்காகப் போய் உட்காருவது வீண். பிரதேச செயலகத்தில் சிறு தொழில் முயற்சி அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். மேலே நான் போட்ட கணக்கையும் உங்கள் கொப்பியையும் எடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள். உங்கள் வியாபாரத்தை வைத்துப் பேசுகிற பயிற்சிதான் உதவும், வங்கி கேட்கும் வியாபாரத் திட்டமும் அதிலிருந்தே வரும். வகுப்பு சிங்களத்தில்தான் என்றால், நாலைந்து தோட்டத்துப் பெண்களாகச் சேர்ந்து தமிழில் கேட்டுக் கடிதம் கொடுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. கெஞ்ச வேண்டியதில்லை.

கடனுக்கு வருவோம். ஒரு இலட்சத்துக்கு 20,000 வட்டி, ஆகவே 20 வீதம் என்று தம்பி சொல்லியிருப்பார். கிழமைக்குக் கிழமை நீங்கள் முதலையும் திருப்பிக் கொடுப்பதால், குறைந்து போகும் மீதிக்குப் பார்த்தால் அது வருடத்துக்கு ஏறக்குறைய 38 வீதம். வங்கி 16 வீதம் என்று சொல்லி மீதிக்கு மட்டும் வட்டி எடுத்தால், மாதத் தவணையில் ஒரு வருடத்துக்கு 9,000 ரூபாய்க்குள் முடியும். குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வர் தலையிலும் விழும். கிழமைத் தவணைக்கு மழை, வெள்ளம் தெரியாது. 2017 மே மாத வெள்ளமும் மண்சரிவும் கலவானையை என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இப்படிப்பட்ட கடன்களால்தான் 2021-இல் ஹிங்குராக்கொடையில் பெண்கள் வாரக்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள்.

உங்கள் சப்ரகமுவ மாகாணத்துக்கு இதைவிட நல்ல வழி தெரியும். படுத்துக் கிடந்த சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கங்களை பி. ஏ. கிரிவந்தெனிய 1978-இல் கேகாலை மாவட்டத்து வல்கமவிலிருந்துதான் தூக்கி நிறுத்தினார். இன்று அவற்றைச் சணச என்றால் நாடே அறியும். அங்கே முதலில் சேமிப்பு, பிறகு கடன். உங்களைத் தெரிந்த அங்கத்தவர்களே பிணை நிற்பார்கள். லயத்து அறைக்கு உறுதி இல்லாத நமக்கு அது பெரிய விஷயம். பக்கத்துச் சங்கத்தில் சேர்ந்து ஆறு மாதம் சிறுகச் சேமியுங்கள். பிரதேச அபிவிருத்தி வங்கியிலும் கேட்கலாம். 2010-இல் சப்ரகமுவ அபிவிருத்தி வங்கி உட்பட ஆறு மாகாண வங்கிகளைச் சேர்த்து உருவானது அது. பிணையாளிகள் கேட்பார்கள். உங்கள் வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழும் ஆறு மாதக் கணக்குக் கொப்பியும் கையில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

என் முடிவு: இப்போது குழுக் கடன் வேண்டாம். குடாவ பக்கம் 150 இடியப்பத்துக்காவது நிரந்தர ஓர்டர் கிடைத்த பிறகு மெஷினுக்குக் கடன் கேளுங்கள். எங்கே கேட்டாலும் கையெழுத்துப் போடுமுன் ஒரே ஒரு கேள்வி: “வட்டி முழுத் தொகைக்கா, மீதிக்கா?” பதிலைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராத இடத்தில் கடன் எடுக்காதீர்கள்.