ஏரிப் படகுக்கு எளிய நங்கூரம்

ஏரி, குளங்களில் மீன்பாசிக் குத்தகை எடுத்துச் சிறு படகில் வலை விரிக்கும் விவசாயிகள், கையில் கிடைத்த கருங்கல்லைக் கயிற்றில் கட்டி இறக்கிப் படகை நிறுத்துவது வழக்கம். காற்று எழுந்தால் அந்தக் கல் சேற்றின் மேல் வழுக்கிக்கொண்டே போகும். படகு கலங்கலை நோக்கி இழுபட்டால் வலை மட்டுமல்ல, உயிருக்கும் ஆபத்து.

எடையை மட்டும் நம்புவது சரியன்று. தண்ணீருக்குள் 10 கிலோ கருங்கல்லின் எடை 6 கிலோ சொச்சம்தான். சிமெண்ட் கான்கிரீட் அதைவிடக் குறைவு. படகை நிறுத்துவது கல்லின் பாரத்தைவிடச் சேற்றைக் கவ்வும் கொக்கிகளே.

இத்தகைய நங்கூரத்தை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். 5 லிட்டர் பெயிண்ட் டப்பா ஒன்றில் 1:2:4 கான்கிரீட் கலவையை நிரப்ப வேண்டும். கலவை இறுகுமுன் 12 மி.மீ. கம்பித் துண்டுகள் நான்கை அடிப்பகுதி வரை செருகி, வெளியே ஓர் அடி நீட்டி, குடைக்கம்பிபோல் நான்கு திசையிலும் வளைத்துவிட வேண்டும். நடுவில் கயிறு கட்ட ஒரு வளையமும் பதிக்க வேண்டும். ஏழு நாட்கள் நனைத்து வந்தால் 12 கிலோ அளவில் நங்கூரம் தயார். திருமுடிவாக்கம் போன்று தொழிற்பேட்டை உள்ள ஊர்களில் பழைய இரும்புக் கடையில் துண்டுக் கம்பியும் நான்கைந்து அடிச் சங்கிலியும் தேடிப் பார்க்கலாம். சங்கிலியை வளையத்துக்கும் கயிற்றுக்கும் இடையே பூட்டினால், இழுப்பு தரையோடு தரையாக அமைந்து கொக்கிகள் சேற்றில் இறங்கும்.

கயிற்றில்தான் பலரும் கஞ்சத்தனம் காட்டுகின்றனர். ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விடவேண்டும். 6 அடித் தண்ணீருக்கு 30 முதல் 40 அடி. கயிறு குட்டையாயின் அலை எழும்போதெல்லாம் படகே நங்கூரத்தைப் பிடுங்கிவிடும்; நீர்மட்டம் உயர்ந்தால் முனை அமுங்கித் தண்ணீர் புகும். நைலான் கயிறு நீரில் அமிழும் என்பதால் மிதக்கும் பிளாஸ்டிக் கயிற்றைவிட ஏற்றது. கயிற்றைப் படகின் முன்முனையில்தான் கட்ட வேண்டும். பின்புறம் கட்டினால் அலை உள்ளே ஏறும். ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாக இருக்கட்டும். ஆகாயத்தாமரைத் திட்டு வந்து படகில் மோதினால் எந்த நங்கூரமும் தாங்காது. உடனே அவிழ்த்து விலக வேண்டும்.

ஐந்தடிக்குக் குறைந்த சேற்றுத் தரையில் நங்கூரமே வேண்டாம். 10 அடிச் சவுக்குக் கழியை இரண்டு மூன்று அடி ஆழம் ஊன்றி, படகைத் தளர்ந்த சுருக்கால் பிணைத்தால் போதும். நீர் ஏறினால் சுருக்கும் கழியில் ஏறும். வேலை முடிந்ததும் கழியைப் பிடுங்கிவிட வேண்டும்; இல்லையேல் அடுத்தவர் வலை கிழியும்.

மதகு திறந்திருக்கும் நாளில் படகு இறக்கவே கூடாது. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டு அடையாற்றில் பாய்ந்தது. அத்தகைய ஓட்டத்தில் கைநங்கூரம் துரும்புக்குச் சமம்.

சிக்கராயபுரம் பகுதியில் உள்ளவை போன்ற கல்குவாரிக் குட்டைகளில் தரை பாறை, ஆழமும் அதிகம். கொக்கி ஒன்று பிடிக்காது, அல்லது இடுக்கில் சிக்கித் திரும்ப வராது. அங்கே படகைக் கரையில் அடித்த முளையில் கட்டுவதே முறை.