கொட்டகையில் நின்ற பழைய ஜீப் பாரவண்டியைச் செப்பனிடும் முறை

மாட்டுக் கொட்டகையின் ஓரத்திலோ, களத்து மேட்டுப் புளிய மரத்தின் அடியிலோ, பத்துப் பன்னிரண்டு வருஷங்களாய் அசையாமல் நிற்கும் மோட்டார் வண்டி ஒன்று இல்லாத கிராமம் அபூர்வம். அதன்மேல் வைக்கோலும் எரு மூட்டையும் அடுக்கப்பட்டிருக்கும். உள்ளே கோழி முட்டையிடும். வாங்கியவர் காலஞ்சென்றிருப்பார். மகனோ அதனைப் பழைய இரும்பு வியாபாரிக்கு எடைக்கு விற்பதா, ஓட்டத்திற்குக் கொண்டு வருவதா என்று தீர்மானிக்க மாட்டாமல் வருஷத்தைக் கடத்துவார். பம்புசெட்டுக்கு மேல் யந்திரப் பழக்கமில்லாத ஒரு குடியானவர் அத்தகைய வண்டியை வீட்டிலேயே எவ்வளவு தூரம் செப்பனிடக் கூடும் என்பதும், எந்த இடத்தில் கையை எடுத்துக்கொண்டு பட்டறைக்குச் செல்ல வேண்டும் என்பதும் இங்கே விவரிக்கப்படுகின்றன.

உதாரணத்திற்கு ஜீப் வண்டியே தகுதியுடையது. 1941 முதல் அமெரிக்க ராணுவத்திற்காக வில்லிஸ், போர்டு கம்பெனிகள் இவ்வண்டியைப் பெருந்தொகையாய்ச் செய்தன. யுத்தம் முடிந்த 1945-ல், விவசாயிகளையே முக்கியமாய் உத்தேசித்து, சி.ஜே. 2ஏ என்னும் வகை விற்பனைக்கு வந்தது. 1940-களின் இறுதியில் மகிந்திரா கம்பெனியார் பம்பாயில் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கினர். 1953-ல் அமெரிக்காவில் வெளிவந்த, முகப்பு உயர்ந்த சி.ஜே. 3பி வகை பின்னர் இந்தியாவில் நெடுங்காலம் செய்யப்பட்டது. கிராமங்களில் நிற்பவற்றில் பல இவ்வகையின. பின்புறத்தை வெட்டிப் பலகைத் தொட்டி அமைத்துப் பாரம் ஏற்றப்பட்டவை. அதன் பெட்ரோல் எஞ்சினுக்கு 4 சிலிண்டர்கள். கொள்ளளவு 134 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 2,200 கன சென்டிமீட்டர். டீசல் எஞ்சின் மாற்றப்பட்ட வண்டிகளும் உண்டு. அவற்றிற்குத் தீப்பொறி, பெட்ரோல் பற்றிக் கூறப்படுவன மாத்திரம் பொருந்தா.

ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன் காகிதங்களைப் பார்த்தல் வேண்டும். இதனை அசட்டை செய்து, செலவு முழுதும் செய்த பிற்பாடு வண்டியைச் சாலையில் விட முடியாமல் தவித்தவர் பலர். பதிவுப் புத்தகத்திலுள்ள சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறிக்கப்பட்டவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று துருவை மெதுவாய்த் துடைத்துப் பார்க்க வேண்டும். உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தால் எண்ணே அழிந்துவிடும். அழிந்த எண்ணுள்ள வண்டிக்குச் சந்தேகமே மிஞ்சும். எஞ்சின் மாற்றப்பட்டிருந்தாலும், தொட்டி புதிதாய் அமைக்கப்பட்டிருந்தாலும், அம்மாறுதல் புத்தகத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். சொந்தக்காரர் இறந்திருந்தால், வாரிசு 30 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் 31-ஆம் நமூனாவில் விண்ணப்பம் செய்ய வேண்டுமென்பது மத்திய மோட்டார் வாகன விதி. காலம் கடந்திருப்பின் அதனை மறைப்பதில் பிரயோஜனமில்லை. தாமதத்தை ஒப்புக்கொண்டு விண்ணப்பிப்பதே வழி. இதற்கு வாரிசுச் சான்று தேவைப்படும். அதனைக் கொடுப்பவர் தாசில்தாராயினும், கிராம நிர்வாக அலுவலரின் விசாரணையே அதற்கு அடிப்படை. ஆதலால் அண்ணன் தம்பி பாகப் பிரிவினையில் நிலம், கிணறு, மாடு ஆகியவற்றோடு வண்டியையும் சேர்த்து எழுதும்படி அவ்வலுவலர் அப்பொழுதே சொல்லிவைப்பாராயின் பிற்காலத்து வழக்கு ஒன்று குறையும். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷத்திற்குச் செல்லும். பிறகு சோதனைக்குக் காட்டி 5 வருஷத்திற்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

காகிதம் சரியாயிருந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது எஞ்சினன்று, சேஸிஸ் சட்டமே. எஞ்சின் கெட்டால் வேறு எஞ்சின் கிடைக்கும். சட்டம் அரித்துப்போனால் வண்டியே இல்லை. சேற்று வயலில் உழன்ற ஜீப்பின் சட்டத்தினுள் மண் புகுந்து, மழைதோறும் ஈரத்தைப் பிடித்து, உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பார்த்தால் பூச்சு நன்றாகவே தோன்றும். சிறு சுத்தியலால் ஓரத்திலிருந்து ஓரம் வரை தட்டிக்கொண்டு போக வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் பொத்தென்று சப்திக்கும். பின்புற வில்லுப் பட்டைகள் தொங்கும் இடங்களை விசேஷமாய்க் கவனிக்க வேண்டும். ஒன்றிரண்டு இடங்களில் ஓட்டையிருப்பின் தேர்ந்த வெல்டர் ஒட்டுப் போடுவார். நீளம் முழுவதும் பொத்தென்று சப்தித்தால் வண்டியை அன்றே எடைக்கு விற்றுவிடுவது லாபம். இத்தீர்மானத்தை முதல் நாளில் செய்யாமல், எஞ்சினுக்கும் டயருக்கும் பணம் போட்ட பின் செய்வோருக்கு மனம் வருவதில்லை. அரித்த சட்டத்தின்மேல் வர்ணம் பூசி ஓட்டுகிறார்கள்.

ஒரு புன்செய்க் குடியானவர் தம் தகப்பனாரின் ஜீப்பை இவ்வாறு தட்டிப் பார்த்து, சட்டம் நல்லதென்று கண்டு, வேலையைத் தொடங்குவதாக வைத்துக்கொள்ளலாம். அவர் முதலிற் செய்யத்தக்கது சுத்தம் செய்தலே. இருக்கைக்கு அடியில் பாம்பு இருக்கக் கூடுமாதலால் வெறுங்கையை விடலாகாது. காற்று வடிகட்டியிலும் புகைக்குழாயிலும் எலி வளையும் குளவிக் கூடும் இருக்கும்; ஒயர்களின் மேலுறையை எலி தின்றிருக்கும். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, அதன் ஆணிகளை ஒரு டப்பாவிலிட்டு, பெயரெழுதிய சீட்டை உள்ளே போட வேண்டும். புதிதாய்க் கற்பவர் கழற்றுவதில் கெடுவதில்லை. ஆறு மாதம் கழித்துப் பூட்டுவதிலேயே கெடுகிறார்.

நெடுநாள் நின்ற எஞ்சினை உடனே சுற்றிப் பார்க்கும் ஆசையே பெரும் நஷ்டத்திற்குக் காரணம். பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர்ச் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கும். சி.ஜே. 3பி எஞ்சினில் உள்வாங்கும் வால்வுகள் மேல் தலையிலும், புகை வால்வுகள் கீழே பிளாக்கிலும் அமைந்திருப்பதால், புகை வால்வுகள் தத்தம் குழலில் இறுகி நிற்பது சாதாரணம். இந்நிலையில் டிராக்டரால் கட்டி இழுத்துக் கியரில் விட்டால், வால்வோ வளையமோ உடையும். பிளக்குகள் நான்கையும் கழற்றி, எஞ்சின் எண்ணெயும் மண்ணெண்ணெயும் சமபாகமாய்க் கலந்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு மேசைக்கரண்டியளவு விட்டு, மூன்று நாள் ஊறவிட வேண்டும். பிறகு கிராங்குக் கைப்பிடியால், பிளக்குகள் இல்லாமலே, முன்னும் பின்னும் சிறிது சிறிதாய் அசைக்க வேண்டும். அசையாவிட்டால் மறுபடியும் ஊறவிட வேண்டுமேயன்றிக் கைப்பிடிக்குக் குழாய் மாட்டிப் பலத்தைக் கூட்டலாகாது. பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் புகை வால்வுகளின் அடிப்பகுதி தெரியும்; எஞ்சினைச் சுற்றும்பொழுது எது ஏறி இறங்காமல் நிற்கிறதோ அதற்கு மாத்திரம் எண்ணெய் விட்டு மெதுவாய்த் தட்டி இளக்கலாம்.

பிற்பாடு பிளக்குகளைப் பூட்டிக் கைப்பிடியால் முடுக்கும்பொழுது, கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டு, கீழிருந்து மேலே இழுக்க வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால், கைப்பிடியைச் சுற்றிப் பிடித்த கட்டைவிரல் ஒடியும்.

பழைய எண்ணெயை அடிமூடி வழியாய் வடிக்கும்பொழுது முதலில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது உபயோகமானது. எண்ணெய் மோர் போல் வெளுத்திருப்பின் தண்ணீர் கலந்திருக்கிறது. தலை வாஷரையோ பிளாக்கையோ சந்தேகிக்க வேண்டும். கியர்ப் பெட்டி, அதன் பின்னுள்ள பிரிப்புப் பெட்டி, முன் பின் அச்சுகளின் டிபரென்ஷியல்கள் ஆகிய நான்கிலும் தனித்தனியே எண்ணெய் உண்டு. பலர் முன் அச்சை மறந்துவிடுகின்றனர். கிளச்சுத் தட்டு துருவால் ஒட்டி, மிதித்தாலும் கியர் விழாமற் போவதும் உண்டு; மிதியை ஒரு கட்டையால் அழுத்தி இரண்டொரு நாள் வைத்தால் பெரும்பாலும் விடுபடும்.

பழைய பெட்ரோல் காலப்போக்கில் அரக்குப் போலாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். டாங்கியைக் கழற்றி வெயிலில் திறந்த வெளியில் வடித்துக் கழுவ வேண்டும். காலி டாங்கியே அதிக ஆபத்து. உள்ளே நிற்பது ஆவி. அதன் அருகே பீடி, விளக்கு, வெல்டிங் ஒன்றும் ஆகா. இக்காலத்தில் வேறொரு விஷயமும் சேர்ந்திருக்கிறது. 2025 முதல் இந்தியாவில் விற்கப்படும் பெட்ரோலில் பெரும்பாலும் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்திருக்கிறது. அது பழைய ரப்பரையும் தக்கையையும் ஊறவைத்துக் கெடுக்கும், ஈரத்தையும் உறிஞ்சும். ஆகையால் பெட்ரோல் பம்பின் சவ்வையும் ரப்பர்க் குழாய்களையும், பார்வைக்கு நன்றாயிருந்தாலும், இக்காலத்துப் பெட்ரோலுக்கு ஏற்றவையாக மாற்றிவிட வேண்டும். பெட்ரோலை டாங்கியில் மாதக்கணக்காய் நிற்கவிடலாகாது.

தீப்பொறிக்கு வேண்டுவன சிலவே. டிஸ்டிரிபியூட்டரின் பாயிண்டுகளை நயமான உப்புத்தாளால் துடைத்து, இடைவெளியை 0.020 அங்குலமாகவும், பிளக்கின் இடைவெளியை 0.030 அங்குலமாகவும் வைக்க வேண்டும். ரேடியேட்டர்ப் பக்கமுள்ளதே முதல் சிலிண்டர். எரியும் வரிசை 1-3-4-2. பழைய ஜீப்புகள் 6 வோல்ட்டு. பிந்தியவை 12 வோல்ட்டு. பாட்டரி வாங்குமுன் பல்புகளிலும் டைனமோவிலும் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும்.

இனி, உயிரைப் பற்றிய இரண்டு விஷயங்கள். முதலாவது, வண்டியைத் தூக்குதல். மேற்சொன்ன குடியானவர் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியால் தூக்குகிறார். வண்டி உருண்டு ஜாக்கி சாய்கிறது. சற்றுமுன் அடியிற் படுத்திருந்த தங்கை மகன் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்ததால் தப்புகிறான். பிரேக்கைக் குறை கூறுவதிற் பயனில்லை. பழைய ஜீப்பின் கைப்பிரேக் சக்கரங்களில் இல்லை. பிரிப்புப் பெட்டிக்குப் பின்னே, சுழலும் தண்டில் உள்ளது. ஒரு பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியவுடன், டிபரென்ஷியலின் தன்மையால் அது ஒரு பக்கம் சுழல, தரையிலுள்ள மற்றது எதிர்ப்பக்கம் தாராளமாய் உருளும். ஆதலால் தரையிலுள்ள சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை அடைத்த பிறகே தூக்க வேண்டும். தூக்கியபின் அச்சுக்கு அடியில் இரும்பு முக்காலியோ கனத்த மரக்கட்டையோ கொடுக்க வேண்டும். செங்கல் பாரத்தில் எச்சரிக்கையின்றி நொறுங்கும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் எவரும் செல்லலாகாது.

இரண்டாவது, பிரேக். இவ்வகை வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டரும் ஒரே குழாய் வழியுமே உண்டு. எங்கேனும் ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் ஒருமிக்கப் போய்விடும். பத்து வருஷம் நின்ற வண்டியில் மிதி கெட்டியாயிருப்பதைக் கண்டு திருப்தியடைவது தவறு. உள்ளே ரப்பர் குப்பிகள் வெடித்தும், குழாய்கள் உட்புறம் துருவேறியும் இருக்கும். மாஸ்டர் சிலிண்டர், சக்கர சிலிண்டர்கள் எல்லாவற்றிற்கும் புது ரப்பர், புது ரப்பர்க் குழாய்கள், துருவேறிய இரும்புக் குழாய்களுக்குப் பதில் புதியவை போடுவதில் சிக்கனம் பார்க்கலாகாது. பிரேக் திரவத்திற்குப் பதில் எஞ்சின் எண்ணெயையோ மண்ணெண்ணெயையோ விட்டால் ரப்பர் வீங்கி அடைத்துக்கொள்ளும். காற்றை வெளியேற்றும்பொழுது மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும். வலப்பக்க ஸ்டீரிங் உள்ள வண்டியில் அது இடப்பக்கப் பின்சக்கரம். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் உண்டு; அத்தூளை வாயால் ஊதுவதும் காற்றுக் குழலால் அடிப்பதும் சுவாசப்பைக்குத் தீங்கு. நனைத்த துணியால் துடைத்து, துணியைப் புதைத்துவிட வேண்டும். டிரம்மைக் கடைதல், ஸ்டீரிங்கின் தேய்ந்த மூட்டுகளை மாற்றுதல், கிராங்கு தீட்டுதல் ஆகிய மூன்றும் வீட்டு வேலையல்ல. வீட்டில் பூட்டிய பிரேக்கையுங்கூட அனுபவமுள்ள ஒரு மெக்கானிக் பார்த்த பிறகே சாலைக்கு விட வேண்டும்.

டயரில் பூ எவ்வளவு இருந்தாலும் வயது போயிருக்கும். 2000-க்குப் பின் செய்யப்பட்ட டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருஷம். பக்கங்களில் வெடிப்புக் கண்டால் அதனை மாட்டு வண்டிக்கு விடலாம், பாரவண்டிக்கு ஆகாது.

முதலில் எஞ்சினைக் கிளப்பும்பொழுது வண்டியைக் கொட்டகைக்கு வெளியே தள்ளிக்கொள்ள வேண்டும். புகையிலுள்ள நச்சுவாயு மணமற்றது. மூடிய இடத்தில் ஆளை மயக்கிக் கொல்லும். அருகில் இரண்டு வாளி மணல் இருக்க வேண்டும். பெட்ரோல் தீக்குத் தண்ணீர் உதவாது. கிளம்பியவுடன் எண்ணெய் அழுத்தமானி சில விநாடிகளில் உயராவிட்டால் நிறுத்திவிட வேண்டும். எஞ்சின் சூடேறியபின் கம்ப்ரெஷன் அளவுமானியால் நான்கு சிலிண்டர்களையும் அளந்து, ஒன்றுக்கொன்று சதுர அங்குலத்திற்கு 10 ராத்தலுக்கு மேல் வித்தியாசமிருந்தால் வால்வுகளைத் தீட்டும் வேலை இருக்கிறதென்று கொள்ளலாம்.

முதல் ஓட்டம் அறுவடையான சமதரை வயலில், நடை வேகத்தில் இருக்க வேண்டும். பிரேக்கைப் பத்து முறை மிதித்து நிறுத்திப் பார்த்த பின்பே வேகத்தைக் கூட்டலாம். பாரம் ஏற்றுவது அதற்கு நெடுநாள் பின். வர்ணம் பூசுவது எல்லாவற்றிற்கும் கடைசி. முதலிலேயே பூசுவோர் பலர். பிரேக் திரவம் ஒரு துளி சிந்தினாலும் அவ்வர்ணம் உரிந்துவிடும். முதல் 200 கிலோமீட்டரில், உள்ளே இளகிய துருவும் கசடும் எண்ணெயில் வந்து சேருமாதலால் எஞ்சின் எண்ணெயை மறுபடியும் மாற்றி, சக்கரத் திருகுகளையும் வில்லுப் பட்டைகளின் ஆணிகளையும் இறுக்கி, தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு, பதிவு அதிகாரியின் சோதனைக்கு வண்டியைக் கொண்டு போகலாம்.