கண்ணன் விட்ட முடிவு



கீதை என்றாலே "அதெல்லாம் ரிட்டயர் ஆனவங்க படிக்கிறதுப்பா" என்கிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. மகாபாரதத்தின் பீஷ்ம பருவத்தில் 18 அத்தியாயங்களாக, 700 சுலோகங்களாக அமைந்துள்ள கீதை, போர்க்களத்தில் வில்லை நழுவவிட்டுக் கலங்கி நின்ற ஒரு வீரனுக்குச் சொல்லப்பட்டது.

"போர் செய்" என்று பலமுறை சொன்ன கண்ணனே, உபதேசம் முடியும் தறுவாயில், 18-ஆம் அத்தியாயம் 63-ஆம் சுலோகத்தில், எல்லாவற்றையும் நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டு உன் விருப்பப்படி செய் என்று அர்ஜுனனிடமே முடிவை விட்டுவிடுகிறான். கடவுளே கட்டாயப்படுத்தலை!

டிப்ளமோ முடித்ததும் வேலையா, பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்வதா? ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அனைத்தையும் கேட்போம். முடிவை நாமே எடுப்போம்; அதன் பாரத்தையும் நாமே சுமப்போம். கீதையில் நான் கற்ற பாடம் இதுவே.