வெளிநாடு போகும்போது சைக்கிளையும் கொண்டு போகலாமா?



டிப்ளமோ முடித்ததும் சிங்கப்பூர், துபாய், கத்தார் என்று போக நினைப்பவர்கள் நம்மில் பலர். பெட்டி கட்டும்போது ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். "அங்கே பஸ்ஸுக்கு எதுக்குக் காசு? நம்ம சைக்கிளையே கொண்டு போயிடு" என்று சொல்பவர்களும் உண்டு. கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் இது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி. கடன் வாங்கி டிக்கெட் எடுக்கும் வீட்டில் ஒவ்வொரு ரூபாயும் முக்கியம் அல்லவா!

எல்லை தாண்டுவது திருத்தணிக்காரர்களுக்குப் புதிதல்ல. 1960 ஏப்ரல் 1-ல் நம் ஊர் தமிழகத்தோடு சேர்ந்தது. அதன் பிறகும் நகரிப் பக்கம் சைக்கிளில் போய் வருகிறோம். யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. ஆனால் நாடு விட்டு நாடு போகும்போது சில கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

1. எடைக் கணக்கு

நம்ம ஊர் கறுப்புப் பெரிய சைக்கிள் சுமார் 20 கிலோ இருக்கும். டிக்கெட்டில் 30 கிலோ அனுமதி என்று வைத்துக்கொள்வோம். அட்டைப் பெட்டி எடையும் சேர்ந்தால் துணிமணிக்கு 10 கிலோகூட மிஞ்சாது. மேலும் பல விமானக் கம்பெனிகள் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 செ.மீ.க்கு மேல் போனால் தனிக் கட்டணம் கேட்கின்றன. சைக்கிள் பெட்டி அதற்குள் அடங்காது. "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பது இதுதான். பேட்டரி சைக்கிள் என்றால் பேச்சே இல்லை. அந்தப் பெரிய லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

கட்டாயம் கொண்டு போவதானால் முன் சக்கரத்தைக் கழற்றி, ஃபோர்க் நெளியாமல் நடுவில் மரக்கட்டை வைக்க வேண்டும். ஹேண்டில்பாரைத் திருப்ப வேண்டும். பெடல்களைக் கழற்ற வேண்டும். இடது பெடலுக்கு இடது மரை. அதை வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். டயர் வானத்தில் வெடித்துவிடும் என்று பயப்பட வேண்டாம். தரையில் காற்றழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ., பறக்கும் விமானத்துக்குள் சுமார் 11. வித்தியாசம் 4 பி.எஸ்.ஐ. அளவுதான். இருந்தாலும் கம்பெனிக்காரர்கள் கேட்டால் கொஞ்சம் காற்றை இறக்கிவிடலாம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் டயரில் ஒட்டிய மண்ணைச் சுத்தமாகக் கழுவ வேண்டும். மண்ணோடு நோய்க்கிருமி வரும் என்று அங்கே கடுமையாகச் சோதிப்பார்கள்.

2. அந்த நாட்டுச் சட்டம்

சிங்கப்பூரில் நம்மைப்போல இடது பக்கம்தான் போக்குவரத்து. ஆனால் 2019 முதல் ரோட்டில் சைக்கிள் ஓட்ட ஹெல்மெட் கட்டாயம். இருட்டினால் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு வேண்டும். நடைபாதையில் மணிக்கு 10 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. எக்ஸ்பிரஸ்வேயில் சைக்கிளுக்கு இடமே இல்லை. ரயிலில் மடக்கு சைக்கிளை மட்டும் ஏற்றலாம், அதுவும் 120 x 70 x 40 செ.மீ.க்குள் அடங்கினால்தான்.

வளைகுடா நாடுகளில் வலது பக்கப் போக்குவரத்து. வெயில் வேறு. ஐக்கிய அரபு எமிரேட்ஸில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்றே சட்டம். அந்த வெயிலில் யார் பெடல் மிதிப்பது?

3. உதிரி பாகம்

நம் பெரிய சைக்கிளின் டயரைப் பார்த்தால் 28 x 1½ என்றும் 40-635 என்றும் போட்டிருக்கும். 635 என்பது ரிம்மில் டயர் உட்காரும் விட்டம், மில்லிமீட்டரில். வெளிநாட்டுக் கடைகளில் அதிகம் புழங்குவது 622, 559 ஆகிய அளவுகள். 13 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் டயர் ஏறாது. நெதர்லாந்தின் பழைய மாடல் சைக்கிள்களுக்கு நம் அளவே உண்டு என்பதால் அங்கே மட்டும் கவலை குறைவு.

உதிரி பாகத்தின் அருமைக்குச் சரித்திரத்திலேயே உதாரணம் உண்டு. 1941 டிசம்பரில் மலாயாவில் இறங்கிய ஜப்பானியப் படை, ஆயிரக்கணக்கான சைக்கிள்களில் தெற்கே சிங்கப்பூரை நோக்கி வந்தது. பல சைக்கிள்கள் அங்கேயே மக்களிடம் பறித்தவை. போருக்கு முன்பே ஜப்பான் சைக்கிள்கள் மலாயாவில் நிறைய விற்றிருந்ததால் பாகங்கள் அந்தந்த ஊரிலேயே கிடைத்தன. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்தது. பிறகு அதே படை போட்ட சயாம் ரயில் பாதையில் மலாயாத் தமிழர்கள் கூட்டம் கூட்டமாக மாண்டதை நாம் மறக்க முடியாது. ஆனாலும் ஒரு விஷயம் புரிகிறது. எந்த ஊரில் ஓட்டுகிறோமோ, அந்த ஊரில் பாகம் கிடைக்கும் சைக்கிள்தான் உதவும்.

4. வீட்டுக் கணக்கு

இந்தக் கணக்கைத்தான் நாம் பெரும்பாலும் போடுவதில்லை. எங்கள் வீட்டில் அப்பா தறி ஓட்டுகிறார். பிளஸ் ஒன்னில் அரசு எனக்குக் கொடுத்த சைக்கிள்தான் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வண்டி. இப்போது நான் காலேஜுக்கு பஸ்ஸில் வருகிறேன். அந்த சைக்கிளில் அப்பா நூல் மூட்டை கட்டி எடுத்து வருகிறார். சாயங்காலம் தங்கை டியூஷன் போகிறாள். நாளை நான் அதைக் கொண்டு போனால் எனக்கு மிச்சமாவது பஸ் காசு. வீட்டில் நிற்பது இரண்டு பேருடைய வேலை. அங்கே பழைய சைக்கிள் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். இங்கே இன்னொன்று வாங்க அப்பா எத்தனை நாள் தறி ஓட்ட வேண்டும்?

முடிவாக

சொந்தமாக நல்ல கியர் சைக்கிள் வைத்திருப்பவர், பல வருஷம் தங்கப் போகிறவர், டயர் அளவு அங்கே கிடைக்கும் என்று விசாரித்தவர் தாராளமாகக் கொண்டு போகட்டும். மற்றவர்கள் சைக்கிளை வீட்டிலேயே விட்டுப் போவதுதான் நல்லது. போகும் முன் அதற்குப் புது செயின், பிரேக் கட்டை போட்டு, பஞ்சர் ஒட்டத் தங்கைக்கும் கற்றுக் கொடுங்கள். ஸ்பேனர் செட்டை மட்டும் உங்களோடு எடுத்துச் செல்லுங்கள். அதைக் கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள். பெரிய பெட்டியில் வையுங்கள். சைக்கிள் எந்த நாட்டில் வாங்கினாலும் ரிப்பேர் பார்க்கும் கை நம்முடையதுதான்!