தீயணைப்புச் செலவும் சொத்து வரியும்

அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்வழிச் சேர்க்கப்பட்ட பன்னிரண்டாவது அட்டவணையில், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளுள் ஏழாவதாகத் தீயணைப்பு இடம்பெற்றுள்ளது. ஒப்படைக்கலாம் என்பதே சட்டம். ஒப்படைத்தே தீர வேண்டும் என்பதன்று. கேரளத்தில் இப்பணி இன்றும் மாநில அரசுத் துறையிடமே இருக்கிறது. திருப்பூணித்துறையில் வீட்டுக்குரியவர் நகராட்சிக்குச் சொத்து வரி செலுத்துகிறார். அவ்வூர்த் தீயணைப்பு நிலைய ஊழியரின் ஊதியமோ மாநில வரவு-செலவுத் திட்டத்திலிருந்து வருகிறது.

மும்பையில் நிலைமை வேறு. அங்குத் தீயணைப்புப் படை மாநகராட்சியைச் சேர்ந்தது. 1888-ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டப்படி, சொத்து வரியின் பகுதியாகிய பொது வரியோடு தீயணைப்புச் செலவுக்கென ஒரு சிறு விழுக்காடு சேர்த்து வசூலிக்கப்படுகிறது. மாநிலங்களுக்கு 1958-இல் அனுப்பப்பட்ட மாதிரி மசோதாவும் சொத்து வரியின்மீது மேல்வரி என்னும் வழியையே காட்டிற்று. கணக்கு எளிது: வரி 4,000 ரூபாய், மேல்வரி 2 விழுக்காடு எனக் கொண்டால், ஆண்டுக்கு 80 ரூபாய். தனி மதிப்பீடும் வேண்டா, தனி வசூல் அலுவலரும் வேண்டா.

ஆனால் சொத்து மதிப்பீடு தீ அபாயத்தை அளப்பதில்லை. கேரளத்தில் கட்டடத்தின் பரப்பு, பயன், சாலை வசதி போன்றவை கணக்கிடப்படுகின்றன. வழிபாட்டிடங்களுக்கு வரிவிலக்கு உண்டு. 2024 பிப்ரவரி 12 அன்று திருப்பூணித்துறை சூரக்காட்டில், கோயில் திருவிழாவுக்கென வந்த வெடிபொருள்கள் வெடித்தன. உயிர்கள் பலியாயின; சுற்றிலும் பல வீடுகள் சேதமுற்றன. சிறிய கிடங்கொன்றின் பரப்புக்கு விதிக்கும் வரி, அது அண்டை வீடுகளுக்கு விளைவிக்கும் அபாயத்தின் விலையாக ஒருபோதும் அமையாது. அதற்கு உரிமக் கட்டணமும் கண்டிப்பான சோதனையுமே ஏற்ற கருவிகள்.

எல்லைச் சிக்கலும் உண்டு. 2023 மார்ச்சில் பற்றியெரிந்த பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு கொச்சி மாநகராட்சிக்கு உரியது. அமைந்திருப்பதோ வடவுகோடு-புத்தன்குரிசு ஊராட்சியில். புகை இரண்டு எல்லைகளையும் மதிக்கவில்லை. ஒவ்வோர் உள்ளாட்சியும் தன் வரியால் தன் படையை மட்டும் நடத்துவதாயின், பல நாள் நீடித்த அத்தீயை அணைக்கும் செலவு யார் தலையில் விழும்? ஆகவே மேல்வரியை ஊரில் வசூலித்து, மாநில அளவிலான தனி நிதியில் சேர்ப்பதே பொருத்தமெனத் தோன்றுகிறது. பொதுக் கணக்கில் கலந்துவிட்டால் அது தீயணைப்புக்குத் திரும்பும் என்பதற்கு உறுதியில்லை; நிதித்துறைகளின் பழக்கம் அறிந்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பதினைந்தாவது நிதிக்குழுவின் பரிந்துரையை ஒட்டி, தீயணைப்பு விரிவாக்கத்துக்கும் நவீனமயத்துக்கும் 5,000 கோடி ரூபாய்த் திட்டம் 2023-இல் தொடங்கப்பட்டது. வண்டி வாங்க இது உதவும். ஓட்டுநரின் ஊதியமும் எரிபொருளும் ஆண்டுதோறும் வேண்டியவை.

மேல்வரியை விதிக்கும் மாநிலம் மற்றொன்றையும் தீர்மானிக்க வேண்டும். அரசியலமைப்பின் 285-ஆவது பிரிவின்படி மத்திய அரசின் சொத்துகளுக்குப் பொதுவாக இவ்வரி இல்லை. அவற்றுக்குச் சேவைக் கட்டணமே பெறப்படுகிறது. அக்கட்டணத்தில் தீயணைப்பின் பங்கு எவ்வளவு என்பதை முன்னரே வரையறுத்துக்கொள்வது நலம்.